ரெய்டு 5-இல் ஒரு டிரைவ் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. உடனே கழற்றிவிடலாமா?

ஸ்டூடியோக்காரன்:
வணக்கம். கும்பகோணத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற சின்ன ஸ்டூடியோ என்னுடையது. பின்னறையில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, 4 டிபி டிரைவ் நான்கை ரெய்டு 5-ஆக, அதாவது ஒன்று செத்தாலும் மற்ற மூன்றிலிருந்து தகவலை மீட்கும்படி, கட்டி ஓட்டுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும் சோதனை முடிந்தபோது, மூன்றாவது டிரைவில் (லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிசி), டிரைவ் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலின் 5-ஆம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த செக்டர் (தகவல் எழுதும் சிறு கட்டம்), 16 என்று காட்டியது. போன மாதம் அது பூஜ்யம். செவ்வாய்க்கிழமை பார்த்தால் 197-ஆம் எண்ணில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர் 24. எஸ்டிஏ டிரைவில் 199-ஆம் எண், அதாவது தகவல் கடத்தும்போது வந்த பிழை, 3 என்று ரொம்ப நாளாக நிற்கிறது. வேறு தொந்தரவு இல்லை.

புது டிரைவ் வாங்கிவிட்டேன். பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருக வேண்டியதுதானே? வைகாசி முகூர்த்தப் படங்கள் பாதிக்கு வேறு நகல் கிடையாது. கை நடுங்குகிறது.

மின்மினி:
ஆமாம், கழற்றிப் போட்டுவிட்டு புதியதைச் செருகுங்கள். ரீபில்ட், அதாவது மற்ற டிரைவ்களிலிருந்து கணக்கிட்டுப் புதியதை நிரப்பும் வேலை, தானாக ஓடும். நான் அலுவலகத்தில் நாலைந்து தடவை செய்திருக்கிறேன்.

பழைய சர்வர்காரர்:
ஸ்டூடியோ தம்பி, கொஞ்சம் பொறுங்கள். மின்மினி சொல்வது, ரெய்டு வேலையைத் தானே கவனிக்கும் அலுவலக ரெய்டு கார்டுக்குச் சரி. இங்கே டிரைவ் இன்னும் சாகவில்லை, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பிடுங்கிய நிமிடமே மற்ற மூன்றும் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் நிற்கும். மூன்றையும் முழுக்கப் படித்தால்தான் ரீபில்ட் முடியும், மொத்தம் 12 டிபி. சாதாரண டிரைவின் விவரத் தாளில் 10-இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 12.5 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் டிரைவ்கள் அதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் வேறு நகல் இல்லாத கல்யாணத்தை வைத்துச் சூதாட வேண்டாம்.

முதல் வேலை, நகல் இல்லாத படங்களை இன்றே ஒரு யுஎஸ்பி டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். ரெய்டு பேக்கப் ஆகாது என்று உங்களுக்கே தெரியும், திட்டவில்லை.

அப்புறம், பழையது உள்ளே இருக்கும்போதே புதியதையும் மாட்டுங்கள். மதர்போர்டில் சாட்டா போர்ட் காலி இல்லையென்றால் டிவிடி டிரைவைக் கழற்றுங்கள், இப்போது யார் அதைத் தொடுகிறார்கள்? லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கட்டளையில் ஆட் கொடுத்துச் சேர்த்துவிட்டு, ரீபிளேஸ் என்று பழையதையும் வித் என்று புதியதையும் சொன்னால் போதும். பழையதிலிருந்தே நேராக நகலெடுக்கும். அது படிக்கத் திணறும் இடத்தை மட்டும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு நிரப்பும். முடியும்வரை பாதுகாப்பு குறையாது.

சோதனை ஓடும்போதே படிக்க முடியாத இடங்களை எம்டி (லினக்ஸின் ரெய்டு மென்பொருள்) திரும்ப எழுதியிருக்கும். அதற்குப் பிறகும் இரண்டே நாளில் புதிதாக 24 வந்திருப்பதால் தட்டு உதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த டிரைவைக் காப்பாற்றிப் பயனில்லை. 199 டிரைவின் குற்றமில்லை, பெரும்பாலும் கேபிள். அந்த எண் குறையவே குறையாது, ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாங்கியது சிஎம்ஆர் வகையா, அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருப்பதா? எஸ்எம்ஆர் டிரைவில் தடங்கள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த அக்கம்பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டில் அது பெரிய தலைவலி.

ஸ்டூடியோக்காரன்:
சிஎம்ஆர்தான், கடையில் கேட்டே வாங்கினேன். டிவிடி டிரைவைத் தூக்கிவிட்டேன் அண்ணே. ஒரு சந்தேகம், எஸ்டிசி என்றால் பெட்டியில் மேலிருந்து மூன்றாவதுதானே?

பழைய சர்வர்காரர்:
அய்யோ, இல்லை! அந்த எழுத்து ரீஸ்டார்ட் செய்தால்கூட மாறலாம். ஸ்மார்ட் பட்டியலைத் தரும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் சீரியல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, மெஷினை அணைத்து, டார்ச் அடித்து லேபிளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் கடைசி நான்கு எழுத்தை பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நள்ளிரவில் நல்ல டிரைவைப் பிடுங்கி, கெட்டதை உள்ளே விட்டவன் நான். அன்றைக்கு எம்டிஆட்மில் அசெம்பிள், ஃபோர்ஸ் என்று கொடுத்து, இருந்த ரெய்டையே திரும்பக் கூட்டி மீட்டேன். பதற்றத்தில் புது ரெய்டு கட்டும் கிரியேட்டை அடித்திருந்தால் கதை வேறு.

ஸ்டூடியோக்காரன்:
முடிந்தது. மேலிருந்து மூன்றாவது இல்லை, அடியில் இருந்ததுதான் எஸ்டிசி! கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவர் கேபிளை இஷ்டத்துக்குச் செருகியிருக்கிறார். இரவு 8 மணிக்கு ரீபிளேஸ் போட்டேன், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் விநாடிக்கு 120 எம்பி அளவில் ஓடியது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் பழையது எஃப் (பழுது) குறியோடு நிற்கிறது, ரெய்டின் நான்கும் யு (வேலை செய்கிறது). இடையில் ஒரு தடவை கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கியது.

பழைய டிரைவைக் காயலான்கடையில் போடலாமா? ஒரு டிரைவை மட்டும் வைத்து யாரும் அதிலுள்ள படங்களை மீட்டெடுக்க முடியாதல்லவா?

மின்மினி:
ரீபிளேஸ் விஷயம் எனக்கே புதிது, நன்றி அண்ணே. காயலான்கடைக்கு அப்படியே கொடுக்க வேண்டாம். எம்டி தகவலைத் துண்டு துண்டாகப் பிரித்து டிரைவ்களில் எழுதும், ஒரு துண்டு வழக்கமாக 512 கேபி. வாட்ஸப்புக்குச் சுருக்கிய படம் ஒன்று அதற்குள் முழுசாக உட்கார்ந்திருக்கலாம். கெட்ட செக்டரை அழிக்கவும் முடியாமல் போகலாம். தட்டு வரைக்கும் துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஸ்டூடியோக்காரன்:
பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் டிரில் இருக்கிறது. இன்றைக்கே போய்விடுகிறேன்.