மறு: ‘மீம் ஸ்டாக்’ – மொய்பங்கு என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஜப்பானியச் சிறு முதலீட்டாளர்களைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் ‘மீம் ஸ்டாக்’குக்குச் சொல் கேட்டு நான்கு நாளாகிறது. போன்மிப் பங்கு, நகைப்பங்கு, ஊகப் பங்கு என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இணையத்தில் மீம்களும் பேச்சும் பரவ, சிறு முதலீட்டாளர்கள் கூட்டமாகப் பாய்ந்து வாங்குவதால் விலை எகிறும் பங்குதான் மீம் ஸ்டாக். மூன்று பரிந்துரையிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் முன்வைப்பது மொய்பங்கு. நடுவில் ‘ப்’ கிடையாது; அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

> மீமுக்குப் போன்மி என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதோடு பங்கைச் சேர்த்தால் வேலை முடிந்ததே?

போன்மி எனக்குப் பிடித்த சொல். ‘போலும்’ என்பது செய்யுளில் ‘போன்ம்’ என்று குறுகும், அது மகரக்குறுக்கம் என்று பள்ளியில் படித்தோமே, அது இந்தச் சொல்லில் ஒலிக்கிறது. 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘மீம்’ என்று பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட கிரேக்க வேருக்கும் போலச் செய்தல் என்றுதான் பொருள். ஆகவே சொல்லில் குறையில்லை. மீம் ஸ்டாக்கில் மீம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சிபா மாகாணத்துச் சகுரா நகரில், கபோசு என்ற ஷிபா இனு நாயை வளர்த்தவர் 2010-இல் வலைப்பதிவில் ஒரு படம் போட்டார். அது உலகம் சுற்றி மீமானது. 2013 டிசம்பரில் அமெரிக்கர் ஒருவரும் ஆஸ்திரேலியர் ஒருவரும் அந்த முகத்தை வைத்தே நாணயம் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே ஜப்பானில் மோனாகாயின் வந்தது. 2சானல் என்ற பெயர்பெற்ற அரட்டைத் தளத்தில் எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி வரைந்த பூனைதான் அதன் சின்னம். இவற்றில் மீமே பண்டம். மீமை எடுத்துவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. இவற்றை மீம்நாணயம் என்றோ போன்மி நாணயம் என்றோ சொல்வது முழுக்கச் சரி.

கேம்ஸ்டாப் வேறு வகை. அது அமெரிக்காவில் வீடியோ கேம் விற்கும் கடை. 2021 ஜனவரித் தொடக்கத்தில் அதன் பங்கு 20 டாலருக்கும் கீழே. 28-ஆம் தேதி 483 டாலரைத் தொட்டது. அங்கே மீம்கள் செய்தது தண்டோரா போடும் வேலை. விற்றதும் வாங்கியதும் ஒரு கடையின் பங்கைத்தான். கலைச்சொல் தண்டோராவை விட்டுவிட்டு, கூட்டம் கூடியதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நகைப்பங்கு என்றால் நகைக்கடைப் பங்கு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், அதை விட்டுவிடலாம். ஊகப் பங்கு மிக அகலமானது. ஜப்பானியர் ‘ஷிதே-கபு’ என்று தனியே பிரித்துச் சொல்லும் ஒன்றும் அதற்குள் வந்துவிடும். பின்னாலிருந்து ஒரு சிலர் விலையை ஏற்றிவிடும் பங்கு அது. நம் தரகர்கள் ஆபரேட்டர் ஸ்டாக் என்பார்களே, அதேதான். மீம் ஸ்டாக்கில் ஊரே பார்க்க, வெளிப்படையாகக் கூடுகிறார்கள்.

ஜப்பானிய மொழியிலும் மீம் ஸ்டாக் கடன்சொல்தான், ‘மீமு-கபு’. ஆனால் அவர்களுடைய சந்தைப் பேச்சைப் பாருங்கள், வயலும் சமையற்கட்டும் மணக்கின்றன. செய்தி ஒன்றைக் கண்டதும் பாய்ந்து வாங்கும் சில்லறை முதலீட்டாளர்களுக்கு ‘இனாகோ’ என்று பெயர், நெல்வயலை மேயும் வெட்டுக்கிளி. விலை செங்குத்தாக ஏறி அதே வேகத்தில் சரிந்த வரைபடம் வெட்டுக்கிளிக் கோபுரம். உச்சியில் வாங்கி மாட்டிக்கொண்டவர் ‘யோபுன்’, அதாவது அடுத்தவர் செழிக்க உரச்சத்து ஆனவர். நஷ்டத்தில் விற்க மனம் வராமல் வைத்திருப்பது ‘ஷியோசுகே’, உப்பில் ஊறப்போடுவது. பங்கைக் குறிக்கும் ‘கபு’வே வெட்டிய மரத்தின் அடிக்கட்டையையும் குறிக்கும். இணையத்தில் மீமுக்கு அவர்கள் சாதாரணமாகச் சொல்லும் ‘நெத’, விதை என்ற பொருளுடைய ‘தனெ’யைத் திருப்பிப் போட்டது. இவ்வளவு பக்கத்திலிருந்து அவர்கள் சொல் எடுக்கும்போது நாமும் வீட்டு வாசலிலேயே தேடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்படிக் கிடைத்ததுதான் மொய். பூவை வண்டு மொய்க்கிறது, பலாச்சுளையை ஈ மொய்க்கிறது, நடிகரை ரசிகர்கள் மொய்க்கிறார்கள். சொல்லில் பழிப்பு இல்லை, பாராட்டும் இல்லை. விளக்கமும் தேவைப்படாது.

> மொய் என்றால் கல்யாண மொய்தானே நினைவுக்கு வரும்?

வரும். பலர் சிறுதொகை போட்டு ஓரிடத்தில் பெருந்தொகை சேர்வது அதிலும் உண்டு என்பதால் அந்த நினைவு கெடுதல் செய்யாது. ஆனால் மொய் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும்; பங்கில் போட்டது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ‘ப்’ வேண்டாம் என்கிறேன். மெய்ப்பொருள் போல மொய்ப்பங்கு என்று எழுதினால் மொய் பெயர்ச்சொல்லாகி, மொய்யாக வந்த பங்கு என்று பொருள்படும். செய்தொழில், வெடிகுண்டு போல மொய்பங்கு என்று எழுதினால் வினைத்தொகை. மொய்த்த பங்கு, மொய்க்கிற பங்கு, மொய்க்கும் பங்கு மூன்றும் அதில் அடங்கும். கூட்டம் கலைந்துபோன பழைய பங்குக்கும் அதே பெயர் பொருந்தும்.

பழைய நிகழ்வு ஒன்றில் பொருத்திப் பார்த்தேன். 2016 ஜூலையில் போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு வெளியானதும் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் பங்கு இரண்டு வாரத்துக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியது. விளையாட்டை உருவாக்கியது நியான்டிக் என்ற வேறு நிறுவனம். தங்கள் லாபத்தில் இதன் பங்களிப்பு சிறிதுதான் என்று 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நின்டெண்டோவே அறிவித்தது. திங்கட்கிழமை டோக்கியோ சந்தையில் பங்கு சுமார் 18 சதவீதம் சரிந்து, ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட இறக்கத்தின் எல்லையில் நின்றது. அன்றைக்கு மீம் ஸ்டாக் என்ற பெயர் புழக்கத்தில் இல்லை. இருந்தும் ‘நின்டெண்டோ சில நாள்கள் மொய்பங்காக இருந்தது’ என்று இன்று எழுதினால் நடந்தது அப்படியே விளங்குகிறது. போன்மிப் பங்கு என்றால் எந்தப் போன்மி என்ற கேள்வி வரும்.

அப்புறம், வெட்டுக்கிளிக் கோபுரத்தை ஈசல் கோபுரம் என்று மாற்றலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஈசல் நமக்கு நெருக்கம்தான். ஆனால் ஈசல் தானே இறகுதிர்ந்து மடிவது. வெட்டுக்கிளி வயலைத் தின்றுவிட்டு அடுத்த வயலுக்குப் போவது. ஜப்பானியர் சொல்ல வந்தது இரண்டாவதை. கட்டுரை அவர்களைப் பற்றியது என்பதால் வெட்டுக்கிளியே இருக்கட்டும்.

நண்பர் தம் கட்டுரையில் மீம் ஸ்டாக் வரும் பத்தி ஒன்றை மொய்பங்கு போட்டு எழுதி இங்கே இட்டால், வாக்கியத்தில் எங்கே இடறுகிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.