களத்தில் ராத்திரி ஃபோகஸ் லைட்: ஈரத்தில் ஒயர் இழுப்பதா, பேட்டரிக்கு மாறுவதா?

பாமணியாறு:
மன்னார்குடிப் பக்கம். குறுவை அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால் பகலெல்லாம் கிளறிக் காயவைத்து, இருட்டினதும் குவித்துத் தார்ப்பாய் போட்டு, நானும் அப்பாவும் காவலுக்குப் படுக்கிறோம். வீட்டிலிருந்து 60 மீட்டர் ஒயர் இழுத்து, 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டை ஓர் இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறேன். முந்தாநாள் ராத்திரி தூறல் போட்டதும் அப்பா எழுந்து ஓடி, லைட்டைத் திருப்பக் குழாயைப் பிடித்தார். கை சுரீரென்று இழுத்துவிட்டது. வெறுங்கால், ஈரத் தரை. ஒன்றுமில்லை என்கிறார், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. வீட்டில் ட்ரிப்பர் (எம்.சி.பி. சுவிட்ச்) இருக்கிறது, அது ஏன் விழவில்லை? ஒயர் இரண்டு கோர் (உள்ளே இரண்டு கம்பி), நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியது. பேட்டரி லைட் வாங்கினால் விடியும் வரை தாங்குமா?

வெட்டாறு:
தம்பி, முதலில் அந்த லைட்டை இன்று ராத்திரி போடாதீர்கள், மற்றதை அப்புறம் பேசலாம். சுரீரென்று பட்டது அப்பா அதிர்ஷ்டத்தால் தப்பித்த ஷாக். அடுத்த முறை மழை பலமாக இருந்து, குழாயை இறுக்கிப் பிடித்துவிட்டால் கையை எடுக்கவே முடியாது.

ட்ரிப்பர் ஏன் விழவில்லை என்றால், அது காப்பாற்றுவது ஒயரைத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் ட்ரிப்பர் அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். ஒரு மனிதனின் உயிர் போக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளுக்காக உள்ளது ஆர்.சி.சி.பி. என்பது, 30 மில்லி ஆம்பியர் என்று அதன்மேல் போட்டிருக்கும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் விழும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து மெயினில் போடுங்கள். போட்டதுமே அடிக்கடி விழுகிறது என்றால் வீட்டு ஒயரிங்கில் எங்கோ கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே தவிர ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடக் கூடாது. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் லைட்டிலிருந்து பச்சை-மஞ்சள் கோடு போட்ட ஒயர் ஒன்று வந்திருக்கும், இரண்டு கோரில் சேர்க்க இடமில்லை என்று வெட்டிவிட்டிருப்பீர்கள். அதுதான் எர்த். அலுமினிய உடம்பு, அதைத் தாங்கும் இரும்புக் குழாய், நனைந்த களம். எர்த் இல்லாவிட்டால் கசிகிற கரண்ட் யாராவது தொடும் வரை அங்கேயே காத்திருக்கும். மூன்று கோர் ஒயர், 1.5 ஸ்கொயர் எம்.எம். தடிமன், நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வாங்குங்கள். இரும்புக் குழாய்க்குப் பதில் காய்ந்த மூங்கில். மேலே லைன் போகிற இடத்தில் மூங்கிலையும் நிமிர்த்தாதீர்கள்.

குடமுருட்டி:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அறுவடை இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும், இந்தப் பத்து ராத்திரிக்கு என்னிடம் கேட்டால் 12 வோல்ட்தான். டிராக்டர் இருக்கிறதா? அதன் பேட்டரியில் 20 வாட்ஸ் 12 வோல்ட் எல்.இ.டி. போட்டால் நாலு மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரி சார்ஜின் அளவு) மட்டும்தான் குடிக்கும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். விடிய விடிய எரிய வேண்டாம், சத்தம் கேட்டாலோ தூறல் விழுந்தாலோ போட்டால் போதும். தனியாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வாங்கினால் அதே லைட் கணக்குப்படி நாலு மணி நேரம். அடிவரை இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேட்டரி என்றால் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 12 வோல்ட் ஈரக் கையில் ஷாக் அடிக்காது, நெருப்பு வைக்கும். போன வருடம் எங்கள் டிரெய்லரில் ப்ளஸ் ஒயர் தகட்டில் உரசி உரசித் தோல் போய், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒயர் முழுவதும் சிவந்து புகைந்தது, மேலே ஒரு லோடு வைக்கோல். நான் பக்கத்தில் நின்றதால் பிடுங்கி எறிந்தேன். ஃபியூஸ் போடாதது என் தவறு. பேட்டரியின் ப்ளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், லைட் பக்கத்தில் போட்டால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது.

கையில் பிடிக்கிற சார்ஜ் லைட் வாங்குவதாக இருந்தால், சந்தையில் ஒரே ஒரு 18650 செல்லை (உருளை வடிவ லித்தியம் செல்) வைத்துக்கொண்டு 10,000 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்பதை நம்பாதீர்கள், நல்ல செல்லே 3,500 பக்கம்தான். நனைந்த லைட்டைத் துடைத்துக் காயவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், அதுவும் வைக்கோல் போர் பக்கத்திலோ கொசுவலைக்குள்ளோ வேண்டவே வேண்டாம்.

அரசலாறு:
யாரும் சொல்லாத ஒன்று. தூற்றுகிற ஃபேனையும் அதே ஒயரில் மாட்டுவீர்கள் என்றால், சுருட்டி வைத்த மீதி ஒயரை முழுக்க விரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேறாமல் தோல் உருகும். லைட் மட்டும் என்றால் 50 வாட்ஸுக்கு அது பிரச்சினையில்லை. பழைய 500 வாட்ஸ் ஹாலஜன் வீட்டில் கிடந்தால் களத்துக்குக் கொண்டுவராதீர்கள், சருகு விழுந்தாலே பற்றும்.

விலை குறைந்த எல்.இ.டி. வீட்டுக் கரண்டில் எரியும்போது ஒரு செகண்டுக்கு நூறு முறை அணைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டாரில் நாலு கை உள்ள புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), மெதுவாகப் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும். நிற்கப்போகிறது என்று கை வைக்கத் தோன்றும். பெல்ட் பக்கம் பேட்டரி டார்ச் ஒன்றையும் அடித்துப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

பாமணியாறு:
எல்லாருக்கும் நன்றி. பச்சை-மஞ்சள் ஒயர் வெட்டித்தான் கிடந்தது, இன்றைக்குத்தான் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் டேப்புக்குள் தண்ணீர். ஒயரை மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிட்டேன். சித்தப்பா டிராக்டர் களத்திலேயே நிற்கும், ஃபியூஸும் 12 வோல்ட் லைட்டும் வாங்கி வந்தாயிற்று. அறுவடை முடிந்ததும் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லியிருக்கிறேன்.

வெட்டாறு:
அறுவடை முடியும் வரை ஏன் தள்ளுகிறீர்கள் தம்பி? வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, சுவர் ஈரமாகிற மாதம். இந்த வாரமே போடுங்கள். போட்டதும் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை உங்கள் கையால் அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். அப்பாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள், ராத்திரி எழுந்து ஓடும்போது தேட மாட்டார்.