சைட்மேப்: பெயர்ச்சொல்லை விட வினைச்சொற்களில்தான் சிக்கல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இணையதளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், ‘தள வரைபடம்’ போதாதா, அரசுத் தளங்களிலேயே அடியில் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள், எதற்குப் புதுச்சொல் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் காரணம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். இங்கே காரணம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் தளத்தின் அடியில் இருக்கும் ‘தள வரைபடம்’ மனிதர் படிப்பதற்கான ஒரு பக்கம். எந்தத் துறை எங்கே, எந்தப் படிவம் எங்கே என்று இணைப்புகளை வரிசையாகக் காட்டும். நாம் பேசுவது அதை அல்ல. தேடுபொறியின் தவழி (தளம் தளமாகப் போய்ப் பக்கங்களை எடுத்துவரும் நிரல், ஆங்கிலத்தில் கிராலர்) வாசிப்பதற்காகத் தளக்காரர் வைக்கும் எக்ஸ்எம்எல் என்ற வடிவிலான கோப்பைப் பற்றி. கூகுள் 2005 ஜூனில் இதைக் கொண்டுவந்தது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொள்ள, பொதுவான நெறிமுறை ஆயிற்று. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். நாமும் ஒரே பெயரை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஊர்க் கோயில்களின் கல்வெட்டுச் செய்திகளைத் திரட்டிப் போடும் தளம் ஒன்று. நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், தமிழில் வழிகாட்டிக் கட்டுரைகளைப் படித்துத் தானே எல்லாவற்றையும் செய்துகொள்பவர். தளக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ‘தள வரைபடத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று எங்கோ படித்துவிட்டு, தன் தளத்தின் அடியில் அதே பெயரில் இருந்த பக்கத்தின் முகவரியை அப்படியே கொடுத்திருக்கிறார். நிலை என்ற இடத்தில் சிவப்பில் பிழை வந்தது. பிழையைத் திறந்தால், நீங்கள் கொடுத்தது எச்டிஎம்எல் பக்கம் (அதாவது மனிதர் உலாவியில் பார்க்கும் பக்கம்), கோப்புக்கு உரிய வடிவில் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அவர் செய்ததில் தவறே இல்லை, சொல் காட்டிய வழியில்தான் போனார். அவருடைய தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடுகிறது, 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதுவே இந்தக் கோப்பைத் தானாக உருவாக்கி வைக்கிறது. அதாவது சரியான கோப்பு அவர் தளத்திலேயே சும்மா கிடந்தது.

ஆகவே மனிதருக்கான பக்கம் ‘தள வரைபடம்’ என்றே இருக்கட்டும். கோப்புக்கு ‘முகவரிக்கோவை’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

‘பக்கப்பட்டியல்’ என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல சொல்தான், ஆனால் ஓரத்தில் வரும் ‘பக்கப்பட்டை’யோடு காதில் மோதுகிறது. ‘தளநிரல்’ என்றால் புரோகிராம் என்றே நினைப்பார்கள், நிரல் என்ற சொல் அங்கே குடியேறி வெகுகாலம் ஆகிவிட்டது. பக்கம் என்பதை விட முகவரி என்பதே இங்கே பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பக்கம் நாலு முகவரியில் திறக்கும்: முன்னால் டபிள்யூ மூன்றோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, கைப்பேசிக்கு என்று வால் ஒட்டியபடி ஒன்று, இப்படி. அவற்றுள் எதை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று தளக்காரர் தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பாகவும் இந்தக் கோப்பு பயன்படுகிறது. அந்தத் தேர்வு முகவரியைப் பற்றியது. தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள். கோப்புக்குள் போகும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து, மொத்தம் 45 எழுத்து ஆகிவிடும். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு ‘என் தளம் உடைந்துபோச்சு’ என்று பதறுகிறவர்கள் உண்டு. உடையவில்லை, அதே முகவரிதான், அதன் எழுத்துமுறைதான் வேறு.

கூட்டுச்சொற்களிலும் தடை இல்லை: செய்தி முகவரிக்கோவை, பட முகவரிக்கோவை. ஒரு கோப்பில் 50,000 முகவரி அல்லது சுருக்காத நிலையில் 50 எம்பி, இதுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் பல கோப்புகளாகப் பிரித்து, அவற்றையெல்லாம் சுட்டும் தாய்க்கோப்பு ஒன்று வைக்க வேண்டும். அதை ‘கோவைத்தொகுப்பு’ எனலாமா?

சரி, பெயர் இருக்கட்டும். இந்த இழை முழுதும் பெயரைப் பற்றியே போகிறது, உண்மையான குழப்பமோ வினைச்சொற்களில் இருக்கிறது. சர்ச் கன்சோலின் அந்தத் திரையைத் திறந்து பாருங்கள். கோப்பின் முகவரி, வகை, சமர்ப்பித்த நாள், கடைசியாக வாசித்த நாள், நிலை, கண்டறிந்த பக்கங்கள் என்று ஒரு வரிசை. நிலையில் பச்சையாக ‘வெற்றி’ என்று வந்ததும் நம்மவர்கள் எல்லாப் பக்கமும் கூகுளில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அந்த ‘வெற்றி’க்குப் பொருள், கோப்பைப் பிழையில்லாமல் வாசிக்க முடிந்தது என்பது மட்டுமே. மளிகைச் சீட்டைக் கடைக்காரர் வாங்கிப் படித்துவிட்டார் என்பதால் சாமான் பைக்குள் வந்துவிடாது, இல்லையா?

நடப்பவை தனித்தனிப் படிகள். கோப்பைக் கொடுப்பது ஒன்று. அதைத் தேடுபொறி வாசிப்பது ஒன்று. அதிலுள்ள முகவரிகளை அறிந்துகொள்வது ஒன்று. அந்த முகவரிக்குப் போய்ப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பது ஒன்று. கடைசியில் தன் இன்டெக்ஸில், அதாவது தேடும்போது பார்க்கும் பட்டியலில், சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒன்று. தமிழ்க் கட்டுரைகளில் இந்தக் கடைசி மூன்றுக்கும் ‘பதிவாகும்’ என்ற ஒரே சொல் ஓடுகிறது, வலைப்பதிவில் எழுதுவதும் ‘பதிவு’தான், சர்ச் கன்சோலில் கணக்குத் தொடங்குவதும் ‘பதிவு’தான். படிக்கிறவர் எதை என்று பிடிப்பார்?

கொடுப்பதற்குச் ‘சமர்ப்பித்தல்’ இருக்கட்டும், எல்லாப் படிவத்தின் பொத்தானிலும் பழகிவிட்டது. ஆனால் தவழிகளுக்கான குறிப்புகளைத் தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) ஒரு வரி எழுதி ‘என் முகவரிக்கோவை இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் வழியும் உண்டே, அதை ‘அறிவித்தல்’ என்று பிரித்துச் சொல்வோம். அறிவித்ததைக் கூகுள் எடுத்துக்கொள்ளும், ஆனால் மேலே சொன்ன திரையில் காட்டாது. அங்கே தெரிவதெல்லாம் சமர்ப்பித்தவை மட்டுமே. ‘போட்டேன், வரவில்லையே’ என்ற புலம்பலில் ஒரு பங்கு இதனால்தான்.

கோப்புக்கு ‘வாசித்தல்’. முகவரிக்கு ‘கண்டறிதல்’. தவழி போய்ப் பக்கத்தை எடுப்பதற்குச் சிலர் ‘தவழப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். தவழி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும், ஆனால் அந்தச் செயப்பாட்டு வினை தமிழாக இல்லை. ‘பார்வையிட்டது’ என்றால் யாருக்கும் புரியும். ஆய்வாளர் வந்து பார்வையிட்டார் என்று அன்றாடம் எழுதுகிற சொல், பார்த்தபின் ஒப்புதல் தருவாரா மாட்டாரா என்பது தனி என்ற பொருளும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இன்டெக்ஸுக்கு ‘தேடலடைவு’. நூல்களின் பின்னால் வரும் சொல்லடைவு, பொருளடைவு எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டுகின்றன. லினக்ஸ் தமிழாக்கங்களில் டைரக்டரிக்கு ‘அடைவு’ வழங்குவது தெரியும், அதனால்தான் முன்னால் ‘தேடல்’ சேர்த்தேன். வினை ‘அடைவேறுதல்’, ‘அடைவேற்றம்’. அரங்கேற்றம், குடியேற்றம் போலக் காதுக்குப் பழகிய வடிவம்.

பக்கங்களின் நிலையைக் காட்டும் அறிக்கையில் இப்போது சொற்களைப் பொருத்திப் பாருங்கள். ‘கண்டறிந்தது, அடைவேறவில்லை’ என்றால் முகவரி தெரியும், தவழி இன்னும் போகவில்லை. ‘பார்வையிட்டது, அடைவேறவில்லை’ என்றால் போய்ப் பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதற்குக் காத்திருக்கலாம், தளத்தின் வேகத்தையும் உள் இணைப்புகளையும் சரிபார்க்கலாம். இரண்டாவதற்குப் பக்கத்தில் சரக்கு இருக்கிறதா, வேறெங்கோ இருப்பதன் நகலா என்று பார்க்க வேண்டும், முகவரிக்கோவையைத் திரும்பத் திரும்பச் சமர்ப்பித்து எந்தப் பயனும் இல்லை. அதே அறிக்கையில் ‘சமர்ப்பித்த பக்கங்கள் மட்டும்’ என்று வடிகட்டினால், நாம் கோவையில் தந்தவற்றில் எத்தனை அடைவேறின என்பது தெரிந்துவிடும். பலர் இந்த வடிகட்டியைத் தொடுவதே இல்லை.

கோப்புக்குள் வரும் முன்னுரிமை, மாறும் இடைவெளி ஆகிய இரண்டு குறிச்சொற்களுக்கும் யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கூகுள் அவற்றைப் பார்ப்பதில்லை. ‘கடைசித் திருத்த நாள்’ மட்டும் முக்கியம், அதுவும் உண்மையான நாளாக இருந்தால்தான் மதிக்கும். அப்புறம், கோப்பு மாறியதைக் கூகுளுக்குத் தட்டிச் சொல்லும் பிங் வசதியை அவர்களே 2023இல் கைவிட்டுவிட்டார்கள். அதற்கும் சொல் தேவைப்படாது. (மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி வேறு, அதன் வெப்மாஸ்டர் கருவியில் முகவரிக்கோவை இன்றும் சமர்ப்பிக்கலாம். எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.)

‘அடைவேற்றம்’ இலக்கணப்படி நிற்குமா என்று புலவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘கோவைத்தொகுப்பு’ எனக்கே முழு நிறைவு இல்லை, கோவையும் தொகுப்பும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. ‘தாய்க்கோவை’ என்று வைத்தால் எப்படி? தாய்க்கோப்பு என்று மேலே எழுதும்போதே தோன்றியது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.