ரியாலஜிக்குத் தமிழில் என்ன சொல்?

அஸ்தம்பட்டி:
வணக்கம். தீவன ஆலைப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்தாம் பாடத்தின் தலைப்பே 'ரியாலஜி'. மரவள்ளித் திப்பி, தவிடு, மக்காச்சோளம் எல்லாம் அரைத்து, நீராவி விட்டு, டையில் (துளையிட்ட அச்சில்) அழுத்திக் குச்சித் தீவனமாக வரும்வரை அந்தக் கலவை எங்கே இளகுகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்பதுதான் பாடம். படிக்கப்போவது ஆலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள். 'பாய்வியல்' என்று வைத்திருக்கிறேன், சரிதானா?

ஆத்தூர்:
வேண்டாம். பாய்ம இயக்கவியலோடு குழம்பும். தவிர, தவிட்டுக் கலவை எங்கே பாய்கிறது? தண்ணீர் பாயும், புலி பாயும். நம்மிடம் 'ஒழுகு' இருக்கிறதே. தொல்காப்பிய உரியியலில் வார்தல், போகல், ஒழுகல் மூன்றுக்கும் நேர்பும் நெடுமையும் பொருள். டைத் துளையிலிருந்து நேராகவும் நெடுகவும் வருவது வேறென்ன? கிரேக்க வேருக்கும் ஒழுகுதல்தான் பொருள். 'ஒழுகியல்' என்க.

செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, ஒழுகியல் என்றால் பிள்ளைகள் கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். அச்சகத்தில் அதை 'ஒழுக்கவியல்' என்று திருத்தியும் விடுவார்கள். நீதிபோதனை வகுப்பில் மொலாசஸ் (தீவனத்தில் சேர்க்கும் கரும்பாலைப் பாகு) காய்ச்ச வேண்டியதுதான்.

ஆத்தூர்:
சிரிக்க வேண்டாம், அதுவும் இதே வேர். ஒழுக்கம், ஒழுங்கு, ஒழுகை. உமணர்களின் உப்பு வண்டி வரிசைக்குச் சங்கப் பாடல்களில் ஒழுகை என்றே பெயர். தீவன மூட்டை ஏற்றிய லாரிகள் நாமக்கல் சாலையில் நிற்பதும் ஒழுகைதான்.

தலைவாசல்:
லாரி கிடக்கட்டும். ஒழுகுவது பாதிப் பாடம்தான். 'ரியாலஜி' என்ற சொல்லை ஆக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் யூஜீன் பிங்கம். 1929இல் அமெரிக்காவில் இதற்கென்று சங்கம் தொடங்கியபோதே உருமாற்றம், பாய்வு இரண்டையும் சேர்த்துத்தான் வரையறுத்தார்கள். மொலாசஸ் சிறு விசைக்கும் நகரும், மெதுவாக. சூடு பட்டால் தளரும். ஈரமான தீவன மாவு அப்படியில்லை. ஓர் அளவு வரை அழுத்தினாலும் அசையாது, அதைத் தாண்டினால்தான் இடம் கொடுக்கும். நீராவியில் 70, 80 டிகிரிக்குப் போகும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு பசையாகி மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. திப்பியில் மிச்சமிருக்கும் மரவள்ளி மாவுக்கு இதில் நல்ல பங்கு உண்டு. ஈரம் குறைந்தால் உராய்வு ஏறி டை கொதிக்கும். கூடினால் ரோலர் வழுக்கி, அடைத்துக்கொள்ளும். வெளியே வந்த குச்சி, அழுத்தம் விட்டதும் கொஞ்சம் உப்பும். இத்தனையும் 'ஒழுகு' என்பதில் அடங்குமா? 'குழைவியல்' என்று வையுங்கள். ஆலையில் "மாவு இன்னும் குழையல" என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

ஆத்தூர்:
சோறு குழைந்தால் வீட்டில் திட்டு விழும். அதைப் போய் ஒரு துறைக்குப் பெயராக வைப்பதா? தொட்டியில் தூள் இறங்காமல் வளைவு கட்டி நிற்கிறதே, அது என்ன குழைவு?

ஏற்காடு:
குழைவியல் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே காலடியில் இருக்கும் சார்னோகைட் பாறையும் பூமிக்குள் ஆழத்தில், பெரும் சூட்டில் குழைந்ததுதான். ரியாலஜி முன்னோடிகளில் ஒருவரான மார்க்கஸ் ரெய்னர் 1964இல் 'டெபோரா எண்' என்று ஒன்றைச் சொன்னார். பொருள் இளக எடுக்கும் நேரத்தை நாம் கவனிக்கும் நேரத்தால் வகுத்தால் வருவது அது. சேர்வராயன் மலை திடமா பாகா என்பது பார்க்கிறவரின் ஆயுளைப் பொறுத்தது. காபிக்கொட்டைத் தோலையும் தீவனத்தில் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு உண்டு, அதை வேறு இழையில் கேட்கிறேன்.

அம்மாபேட்டை:
'ரியாலஜி' என்றே போடுங்களேன். டை, ரோலர், மொலாசஸ் எல்லாம் அப்படியே இருக்க, இது ஒன்று மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆத்தூர்:
அப்படியானால் ஆங்கிலக் கையேட்டையே கொடுத்துவிடலாமே.

அஸ்தம்பட்டி:
நாளை மறுநாள் வெள்ளி. தலைப்பில் 'குழைவியல்', பாடத்தின் முதல் வரியில் ஒரு தடவை 'ரியாலஜி' என்று முடித்துக்கொள்கிறேன். வேறு எதற்கும் இரண்டு வாக்கு விழவில்லை. 'பாகுத்தன்மை' பாடநூலில் உள்ளபடியே இருக்கும், அதைக் கிளற வேண்டாம். அப்புறம் 'ஷியர்' வருகிறது, பொருளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது. பாடநூல் 'சறுக்குப் பெயர்ச்சி' என்கிறது. அட்டவணைக் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. சின்னதாக ஒன்று கிடைக்குமா?

ஆத்தூர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழை என்றால் தழை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் பாடம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ஷியருக்கு இரவு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.