அனோவாவில் பி மதிப்பு 0.011 வருது, கைடு செல்லாதுங்கிறார் – அவசரம்

கோழிக்குஞ்சு42:
வணக்கம். எம்.வி.எஸ்சி. தீசிஸ். பிராய்லர் தீவனத்தில் அசோலா (தண்ணியில் மிதக்கிற பெரணிச் செடி) 0, 5, 10, 15 சதவீதம்னு நாலு குரூப். 42ஆம் நாள் எடைக்கு ஒன்-வே அனோவா (குரூப் சராசரிகளுக்குள்ள நிஜமா வித்தியாசம் இருக்கான்னு பார்க்கிற கணக்கு) போட்டேன். எஃப் (குரூப்களுக்கு இடையிலான வேறுபாடு குரூப்புக்குள்ள இருக்கிறதைப் போல எத்தனை மடங்குங்கிறது) 3.9, பி 0.011, அதாவது 0.05க்குக் கீழ, தேறிடுச்சு. கைடு ஓரத்தில் "செல்லாது, திரும்பப் போடு"ன்னு எழுதிட்டு ஊருக்குப் போயிட்டார், போன் எடுக்கலை. திங்கள்கிழமை கொடுக்கணும். எங்க தப்பு?

வைகைக்கரை:
மொத்தம் எத்தனை கோழி? சேவல், பெட்டை பிரிச்சீங்களா? செத்தது எத்தனை?

மஞ்சள்கரு:
எடை நார்மலா (மணி வடிவத்தில்) பரவியிருக்காது, அதான் பிரச்சினை. அதைப் பார்க்கிற ஷப்பிரோ–வில்க் டெஸ்ட் போட்டுப் பாருங்க. தேறலைன்னா நார்மலா இருக்கத் தேவையில்லாத க்ருஸ்கால்–வாலிஸ் டெஸ்டுக்கு மாறிடுங்க. என் முயல் கணக்குக்கு அதுதான் கைகொடுத்தது.

கணக்குப்பிள்ளை:
சோதனை முடிஞ்ச பிறகு கணக்கைத் தேடி வர்றதே இங்க எல்லாருக்கும் வழக்கமாப் போச்சு. முதல் வருஷப் புள்ளியியல் நோட்டை எடுத்துப் படிங்க. மஞ்சள்கரு, உங்களுக்கும்தான்: நார்மலா இருக்க வேண்டியது ரெசிடுவல் (ஒவ்வொரு எடையிலும் குரூப் சராசரியைக் கழிச்ச மிச்சம்), எடை இல்லை.

கோழிக்குஞ்சு42:
120 கோழி, குரூப்புக்கு 30. சேவல் பெட்டை கலந்துதான். எதுவும் சாகலை.

வைகைக்கரை:
அந்த முப்பதும் ஒரே தடுப்புக்குள்ளயா?

கோழிக்குஞ்சு42:
இல்லை சார், பத்துப் பத்தா மூணு பென் (தடுப்பு). மொத்தம் 12. அதை எழுதணும்னு தோணலை.

வைகைக்கரை:
அதைத்தான்மா முதல்ல எழுதியிருக்கணும். தீவனத்தைக் கோழிக்குக் கோழி கொடுக்கலை, பென்னுக்குத்தான் கொடுத்தீங்க. அப்போ சோதனையோட அலகு பென். உங்ககிட்ட இருக்கிறது 12 அளவு, 120 இல்லை.

நான் பண்ணின சோதனையில் மூலை பென்னில் ஒரு நிப்பிள் (கோழி தண்ணி குடிக்கிற குழாய் முனை) ஒழுகிச்சு. மூணு நாள் யாரும் கவனிக்கலை. உமி நனைஞ்சு அடை மாதிரி கெட்டியாயிடுச்சு, குஞ்சுகளுக்கு உள்ளங்கால் வெந்து போச்சு, பத்துமே எடை குறைஞ்சது. தீவனம் பக்கத்து பென்னுக்குப் போட்ட அதே மூட்டைதான். அந்தப் பத்தையும் தனித்தனியா எண்ணினா, ஒரு குழாய் ஒழுகினதைப் பத்து சாட்சி வச்சு தீவனத்து மேல பழி போட்ட மாதிரி ஆகும். 1984ல சூழலியலாளர் ஹர்ல்பர்ட் இதுக்குத்தான் சூடோரெப்ளிகேஷன்னு (போலியா எண்ணிக்கையைக் கூட்டுறது) பேர் வச்சார்.

நீங்க போட்டதில் பிழைக்கு உரிய டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (அளவு எண்ணிக்கையில் குரூப் எண்ணிக்கையைக் கழிச்சது) 116. அதுக்கு 5 சதவீதத்தில் எஃப் 2.68ஐத் தாண்டினா போதும். பென் கணக்கில் அது 8தான், 4.07ஐத் தாண்டணும். பென் சராசரி 12ஐ மட்டும் எடுத்து மறுபடி போடுங்க. மிக்ஸட் மாடலில் (கோழி, பென் ரெண்டையும் சேர்த்தே பார்க்கிற கணக்கு) பென்னை ரேண்டமா வச்சாலும் சரி, எல்லா பென்னிலும் பத்தே இருக்கிறதால அதே விடைதான் வரும்.

மஞ்சள்கரு:
சரி, ஒத்துக்கறேன். ஆனா எஃப் தேறினா, எந்த குரூப் எதிலிருந்து வேறன்னு ஜோடி ஜோடியாப் பார்க்க டங்கன் டெஸ்ட் போடுங்க, டுகி டெஸ்ட் ரொம்பக் கறார். நான் பார்த்த தீசிஸ்ல எல்லாம் டங்கன்தான்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் போடறாங்கங்கிறது ஒரு காரணமா? நாலு குரூப்பில், இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு காட்டுற டங்கனோட பிழை 14 சதவீதம் வரைக்கும் போகும். 0.95ஐ மூணு தடவை பெருக்கி 1ல இருந்து கழிச்சுப் பாருங்க.

மஞ்சள்கரு:
எஃப் தேறினாத்தானே டங்கன் போடறோம்? அதுவே ஒரு காவல்தானே.

கணக்குப்பிள்ளை:
நாலும் ஒண்ணா இருந்தா மட்டும்தான் அது காவல். ஒரு குரூப் தள்ளி நின்னா எஃப் தேறிடும், மீதி மூணுக்குள்ள பொய்யா வித்தியாசம் காட்டினா யார் தடுப்பா? இதைப் பத்து வருஷமா எழுதிட்டு இருக்கேன்.

வைகைக்கரை:
ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. அந்தப் பொண்ணுக்கு ரெண்டுமே வேண்டாம். 0, 5, 10, 15ங்கிறது படிப்படியா ஏறுற அளவு. கேள்வி அசோலா ஏற ஏற எடை எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான். லீனியர் கான்ட்ராஸ்ட் (ஏற்றம் இறக்கம் நேர்கோட்டில் போகுதான்னு பார்க்கிறது) போடுங்கம்மா, நாலு சராசரிக்கும் வரிசையா பெருக்கு எண்: −3, −1, 1, 3. அதுக்கு ஒரே டிகிரி ஆஃப் ஃப்ரீடம், எஃப் 5.32ஐத் தாண்டணும். ஆனா சினாப்சிஸில் (சோதனைக்கு முன்னாடி கொடுத்த திட்டத்தில்) இதைச் சொல்லியிருந்தீங்களான்னு பாருங்க. முதல் டெஸ்ட் கைவிட்டதால இதுக்குத் தாவினேன்னு இருக்கக் கூடாது. சேவல் எத்தனைன்னு பென்வாரியா குறிச்சிருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க, சேவல் கூடுதலா விழுந்த பென் தானாவே கனமா இருக்கும்.

தவிட்டுக்குருவி:
தீவன மாற்று விகிதத்தை (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம்) எப்படிப் போட்டீங்க? அது பென்வாரியாத்தானே கிடைக்கும்?

கோழிக்குஞ்சு42:
ஆமா, அதை 12 நம்பராத்தான் போட்டிருக்கேன். எடைக்கு மட்டும் ஏன் மாத்தினேன்னு தெரியலை. இப்போ பென் சராசரி போட்டாச்சு. எஃப் 2.1தான், தேறலை. 10 சதவீத குரூப்பில் கதவோரம் இருந்த பென் மட்டும் மத்த ரெண்டை விட 200 கிராம் குறைவு. மார்கழியில் ராத்திரி அந்தப் பக்கம் சாக்கு படுதா கிழிஞ்சு காத்து நேரா அடிச்சது, குஞ்செல்லாம் எதிர் மூலையில் குவிஞ்சு கிடக்கும். சினாப்சிஸைத் தேடிட்டு இருக்கேன். நன்றி சார்.