பி.டி. பீரியடு போய் பயிற்சித் தாள் வந்துவிட்டது, பையனை மாற்றலாமா?

வெண்ணாற்றங்கரை அம்மா (கேள்வி):

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மகன் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாவது. அடுத்த வருஷம் என்.எம்.எம்.எஸ். (மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை) தேர்வு என்று இப்போதே 19 பேரில் ஆறு பேரைப் பொறுக்கி, பி.டி. பீரியடிலும் நாலு மணிக்கு மேலும் பயிற்சி நடக்கிறது. மற்ற 13 பேர் பின்பெஞ்சில் பாடத்தைப் பார்த்து எழுத வேண்டும். என் மகன் அந்த 13இல் ஒருத்தன். போன வாரம் அவன் நோட்டைப் பார்த்தேன், புவியியல் பாடம் ஒன்றையே மூன்று தடவை எழுதியிருக்கிறான். என்னடா புரிஞ்சுது என்றேன். "கை வலிக்குதும்மா" என்றான்.

பந்து இருக்கிறது, காற்று இல்லை. கேட்டால் மானியம் வரவில்லை என்கிறார்கள். போன வருஷம் 108 பிள்ளைகள், இப்போது 97. மன்னார்குடிக்கு வேன் வருகிறது, பாதித் தெரு அதில் ஏறிவிட்டது. நானும் ஏற்றிவிடலாமா? நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைதான் நாங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர், அதனால் சங்கடமாகவும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருத்துறைப்பூண்டி:

அம்மா, பந்துக்குக் காற்று இல்லாத கதையை முதலில் சொல்கிறேன். பள்ளி மானியம் தலைக்கணக்கில் வருவது. 100க்கு மேல் 250 வரை 50,000 ரூபாய். 100க்குள் இறங்கினால் 25,000. உங்கள் ஊரில் வேன் ஏறியது 11 பிள்ளைகள், அதற்கே மானியம் பாதியாகிவிடும். சாக்பீஸ், ப்ளீச்சிங் பவுடர், தாழ்ப்பாள், பந்து எல்லாம் அதிலிருந்துதான்.

அதுவும் ஒழுங்காக வந்தால். இந்த மானியம் வருகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் தமிழகத்துக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். 2025இல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் வழக்கு, காற்றுப் போனது உங்கள் ஊர்ப் பந்தில்.

தேர்வு விஷயத்தில் தலைமையாசிரியரைத் திட்டாதீர்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, எத்தனை பேர் தேர்ச்சி என்றுதான் கேட்பார்கள். எத்தனை பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று ஒரு நாளும் என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிற ஊர் நம்முடையது.

பகுதி நேர ஓவிய டீச்சர்:

2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தோம், வாரத்தில் மூன்று அரை நாள். சம்பளம் அதே திட்டப் பணத்தில்தான். அங்கே இழுபறி என்றால் எங்கள் வீட்டில் மளிகைக் கடன் ஏறும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் அக்கா. கல்வி உரிமைச் சட்டத்தில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்பது 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் இருந்தால்தான். சின்னப் பள்ளிப் பிள்ளைக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை போலிருக்கிறது! எங்கள் பள்ளியில் இப்போது 103. ஒவ்வொரு டி.சி. எழுதும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். திருப்புதல் தேர்வு வந்தால் கணக்கு சார் வாசலில் நிற்பார், "டீச்சர், இன்னைக்கு மட்டும்." தை பிறந்து ஆண்டுத் தேர்வு வரைக்கும் அந்த "இன்னைக்கு மட்டும்"தான்.

பாபநாசம் அப்பா:

அவசரப்படாதீங்க தங்கச்சி. நான் ஏழாவதில் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றி, ஒரு வருஷத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் திருப்பிக் கொண்டுவந்தவன். அப்புறம்தான் தெரிந்தது, மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண்ணுக்கும் நடுவில் இடைவெளி கூடாது. உங்கள் பையனுக்குத் தமிழ்ப் புதல்வனும் அதே மாதிரிதான். தனியாரில் 25 சதவீத இலவச இடம் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பில் சேரும்போது மட்டும், ஏழாவதில் கிடையாது.

என்.எம்.எம்.எஸ்.ஸும் சும்மா இல்லை. தேறினால் ஒன்பதிலிருந்து நாலு வருஷம், வருஷத்துக்கு 12,000. அதை எழுத 19 பேரையும் உட்கார வைக்கச் சொல்லுங்கள். யார் தேறுவான் என்று ஏழாவதிலேயே எப்படித் தெரியும்?

வெண்ணாற்றங்கரை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. 7.5 சமாச்சாரம் எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் பேசிவிட்டோம், மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள், பயிற்சியில் 19 பேரையும் சேருங்கள், இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லப் போகிறேன். சார் சொன்ன நீச்சலையும் கேட்கலாமென்று இருக்கிறேன், சிரிப்பார்களோ என்னவோ. வீட்டுக்காரர் சைக்கிள் பம்பு இருக்கிறது. பந்துக்கு அந்த ஊசி மட்டும் வேண்டும், நீடாமங்கலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?