ஒரே வார இறுதியில் எல்லினோர் மலையும் ஹூட் கனால் மட்டியும்: எதை முதல் நாள் வைப்பது?

கெண்டைக்கால் (கேள்வி):
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூவிலிருந்து நாலு பெரியவர்கள், 12 வயசுப் பையன் ஒருத்தன். ஜூலைக் கடைசி சனி, ஞாயிறு. ஹூட் கனால் என்ற நீண்ட கடற்கழியின் கரையில், பாட்லாட்ச் ஸ்டேட் பார்க்கில் டென்ட் போட இடம் பதிவாகிவிட்டது. மவுண்ட் எல்லினோர் ஏறணும், மட்டியும் ஆயிஸ்டரும் (கடல் சிப்பி) எடுத்து அங்கேயே சமைக்கணும். எதை எந்த நாள் வைப்பது? என்னென்ன சாமான் வேண்டும்? ஆயிஸ்டரை ஓட்டோடு தணலில் வைத்துச் சுடலாம் என்று ஆசை.

வற்றுக்கடல்:
எந்த நாள் என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை, டைட் டேபிள் (கடல் ஏறி வற்றும் நேர அட்டவணை). கோடையில் ஹூட் கனாலில் கடல் நன்றாக வற்றுவது பகலில், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. குளிர்காலத்தில் அதே வற்று ராத்திரிக்குப் போய்விடும். நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். பசிபிக் கரை பீச்சுகளின் டேபிளைப் பார்த்துவிட்டு இங்கே வராதீர்கள். அங்கே பல மணி நேரம் முன்னாலேயே வற்றிவிடும்.

மணிலா என்ற மட்டி வகைக்கும் ஆயிஸ்டருக்கும் மைனஸ் டைட் வரை (டேபிளில் பூஜ்யத்துக்கும் கீழே வற்றுவது) காத்திருக்க வேண்டாம், டேபிளில் 2 அடிக்குக் கீழே போனாலே போதும். ரெண்டு நாளும் அப்படி இருந்தால் சனி மலை, ஞாயிறு கடல். திருப்பி வைத்தால் நீங்கள் மலையில் இருக்கும்போது மட்டி காருக்குள் வெந்துகொண்டிருக்கும். சனிக்கிழமைதான் நல்ல வற்று என்றால் எடுத்ததை அன்று மாலையே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

மட்டி, ஆயிஸ்டர் எடுக்கும் லைசென்ஸ் 15 வயசு ஆனவர்களுக்குத்தான், பையனுக்கு வேண்டாம். ஆனால் அவன் பங்கை அவனே தோண்டணும், அவனுக்கென்று தனிப் பையோ வாளியோ இருக்கணும். அஞ்சு பேர் எடுத்ததை ஒரே வாளியில் கொட்டினால் அபராதம். ஒருவருக்கு 40 மட்டி, ஓட்டோடு 10 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, அகலம் 1.5 அங்குலமாவது இருக்கணும். ஆயிஸ்டர் 18, குறைந்தது 2.5 அங்குலம்.

இனி உங்கள் தணல் ஆசை. நடக்காது. ஆயிஸ்டரைக் கரையிலேயே உடைத்துச் சதையை மட்டும் எடுத்து, ஓட்டை அது கிடந்த அதே மட்டத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். குஞ்சு ஆயிஸ்டர்கள் பழைய ஓடுகளில்தான் ஒட்டி வளரும். கூர்ந்து பார்த்தால் நீங்கள் கையில் வைத்திருக்கும் ஓட்டிலேயே நகக்கண் அளவில் நாலைந்து ஒட்டியிருக்கும். ஓடு வீட்டுக்குப் போனால் அவையும் போச்சு.

சாமான்: மூணு நாலு பல்லுள்ள கைமுள்வாரி, வலைப்பை, அளவு பார்க்கும் வளையம், ஆயிஸ்டர் கத்தி, தடித்த கையுறை, வாய் அகன்ற டப்பா, ஐஸ் பெட்டி. மணிலா மட்டி 2 முதல் 4 அங்குல ஆழத்தில், கூழாங்கல்லும் மணலும் கலந்த இடத்தில் கிடக்கும். மண்வெட்டி போட்டால் பாதி உடையும். தோண்டிய குழியை மூடாமல் நகராதீர்கள். குவித்த மண்ணுக்கு அடியில் சின்ன மட்டிகள் மூச்சுமுட்டிச் சாகும்.

உப்புத்தண்ணி:
ஒரு விஷயம் சேர்க்கிறேன், இதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். கிளம்பும் அன்று காலை மாநிலச் சுகாதாரத் துறையின் ஷெல்ஃபிஷ் சேஃப்டி மேப்பில் (மட்டி, ஆயிஸ்டர் எடுப்பது பாதுகாப்பா என்று காட்டும் வரைபடம்) அந்தக் குறிப்பிட்ட பீச் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சீசன் பீச்சுக்கு பீச் மாறும், அது தனி. நச்சுக்காக மூடுவது வேறு. பாசியிலிருந்து வரும் சாக்சிடாக்சின் என்ற நச்சு கொதித்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. பட்டர் கிளாம் என்ற மட்டி வகை அதை மாதக்கணக்கில் உடம்பிலேயே வைத்திருக்கும்.

விப்ரியோ கிருமி வேறு ரகம். வெயிலில் கிடக்கும் ஆயிஸ்டரில் வேகமாகப் பெருகும், ஆனால் வேகவைத்தால் சாகும். அதனால் தண்ணீர் விலகியதும் எடுங்கள், உடனே ஐஸில் வையுங்கள், ஜூலையில் பச்சையாகத் தின்னாதீர்கள். உடைத்த ஆயிஸ்டரைக் கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிஷமாவது விடணும்.

மண் கக்க வைக்க மட்டியைக் கடல் தண்ணீரில் சில மணி நேரம் போடுங்கள், ஒன்றிரண்டு தடவை தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். வாளியை இறுக்கி மூடினாலும் அப்படித்தான். ஊருக்குக் கொண்டுபோவதென்றால் ஐஸ் மேல் ஈரத்துணி விரித்து வையுங்கள், உருகிய தண்ணீரில் ஊறக் கூடாது. சமைக்கும் முன் தட்டிப் பார்த்து வாய் மூடாததையும், வெந்தபின் திறக்காததையும் தூக்கிப் போடுங்கள். இஞ்சி பூண்டு மிளகு தட்டிப் போட்டு மூடினால் 5 முதல் 8 நிமிஷம். உப்பு போடவே வேண்டாம், அதன் தண்ணீரே போதும்.

கல்படி:
மலைக்கு: மேல் டிரெய்ல்ஹெட்டிலிருந்து (மலைப்பாதை தொடங்கும் இடம்) போங்கள், கீழிருந்து வேண்டாம். போக வர 3.2 மைல்தான், ஆனால் ஏற்றம் கிட்டத்தட்ட 2,400 அடி. மைல் கணக்கைப் பார்த்துக் குழந்தை விளையாட்டு என்று வந்துவிடுவார்கள். 5,944 அடி உச்சிக்குப் படிக்கட்டு ஏறுவது மாதிரிதான் இருக்கும். இறங்கும்போதுதான் முட்டி பேசும், கைத்தடி ரெண்டு கொண்டுபோங்கள். வழியில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். மேல் டிரெய்ல்ஹெட்டில் கார் நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும். ஸ்டேட் பார்க்குக்கான டிஸ்கவர் பாஸ் அங்கே செல்லாது. இடமும் கொஞ்சம்தான், 7 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஜூன் தொடக்கம் என்றால் பனிச்சரிவில் ஐஸ் ஆக்ஸ் (பனியில் ஊன்றும் கோடாரி) இல்லாமல் ஏறாதே என்று சொல்லியிருப்பேன். ஜூலைக் கடைசியில் பொதுவாகப் பாதை தெளிந்திருக்கும்.

கேம்ப்ஃபயர் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள், கோடையில் அடிக்கடி போடுவார்கள். புரொபேன் அடுப்பு கையில் இருக்கட்டும்.

கெண்டைக்கால்:
நன்றி. அப்போ சனி மலை, ஞாயிறு மட்டி. ஓட்டோடு சுட வழியே இல்லையா?

வற்றுக்கடல்:
இருக்கிறது, காசு கொடுத்து. 101 நெடுஞ்சாலையில் வடக்கே லில்லிவாப் ஊர்ப் பக்கம் பண்ணைக் கடையில் ஓட்டோடு விற்கிறார்கள். சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வாங்கிக்கொண்டு வாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுநாள் கரையில் அதிகாரி உங்கள் ஐஸ் பெட்டியைத் திறந்து ஓட்டைப் பார்த்தால் அதுதான் பேசும்.